கொக்கிக்கு ஒரு துளை

திரோமோனுக்குச் செத்தவனாக நடிக்கத் தெரியவில்லை. பட்டறைத் தரையில் மல்லாந்து, ஒரு முழங்காலை மடக்கி, வலது கையைத் தலைக்குப் பின்னால் எறிந்துவிட்டு அசையாமல் கிடக்க வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கிடப்பான். பிறகு இடது கண்ணை மட்டும் திறந்து மூலையில் இருந்த மதுக் குடுவையைப் பார்ப்பான்.

“கண்ண மூடுடா மாப்பிள்ள,” என்றான் வரைந்துகொண்டிருந்த மெனிப்போஸ்.

“மூடிட்டா உன் முதலாளி ஹெகியாஸ் குடிச்சுடுவாரு, மச்சான்.”

“செத்தவனுக்கு எதுக்கு மது?”

“செத்தவனுக்குத்தான் எல்லாரும் ஊத்துறாங்க. உயிரோட இருக்கிறவனுக்கு எவன் ஊத்துறான்?”

மெனிப்போஸ் சிரிக்கவில்லை. மது கலக்கும் பெரிய தாழி ஒன்று அவன் முன்னால் இருந்தது. இன்னும் ஈரம் போகாத தாழி. சிரித்தால் கை ஆடும். அதில் செத்து விழுந்த வீரனை வரைந்துகொண்டே முகத்துக்கு வந்திருந்தான். ஒற்றை மயிரை நீர்த்த மண் குழம்பில் தோய்த்து, இழுக்காமல் களிமண்ணின் மேல் கிடத்தி எடுத்தால் கோடு புடைத்து நிற்கும். மூக்கு, உதடு, தாடியின் விளிம்பு. கண்ணுக்கு வந்தபோது திரோமோனின் இடது கண் மறுபடியும் குடுவையில் இருந்தது. மெனிப்போஸ் அலுத்துப்போய் அதை அப்படியே வரைந்துவிட்டான். செத்தவர்களின் கண்ணை மூடியே வரைவது அவன் வழக்கம். இந்த ஒருவனை மட்டும் திறந்த கண்ணோடு விட்டான்.

அன்றைக்கு வாற்கோதுமை அப்பம் கொண்டுவந்த லிசில்லா, கணவன் தரையில் கிடந்த கிடப்பைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். கண்ணேறு போக மார்புத் துணிக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டாள்.

“எழுந்திருங்க. வெளையாட்டுக்குக்கூட இப்படிப் படுக்கறதா? அண்ணா, உனக்காவது புத்தி வேண்டாம்?”

“புத்தியிருந்தா உன் அண்ணன் ஏன் பொம்மை போடறான்?” என்றான் திரோமோன் படுத்தபடியே.

அவள் குனிந்து தாழியைப் பார்த்தாள். வரையும்போது எல்லாம் ஒரே பழுப்புத்தான். குழம்பும் பழுப்பு, மண்ணும் பழுப்பு. நெருப்பில் போய் வந்தால்தான் கறுப்பும் சிவப்பும் பிரியும். ஆனாலும் அவள் கண்டுபிடித்தாள். சிரித்துவிட்டாள்.

“கண்ணப் பாரு. அதே திருட்டுக் கண்ணு.”

மெனிப்போஸ் போரைப் பார்த்ததில்லை. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. அவன் வயதுக்காரர்கள் கேடயம் தூக்கப் போன ஆண்டு, அவன் தூரிகை தூக்கினான். குயவர் தெருவில் அது ஒன்றும் குறைவான வேலை இல்லை. போரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மற்ற தாழிகளிலிருந்தும், சந்தைக்கருகே மண்டபச் சுவரில் இருந்த ஓவியங்களிலிருந்தும், நாவிதன் கடைப் பேச்சிலிருந்தும் வந்தது. நிற்பவனை, ஓடுபவனை, ஓங்குபவனை எல்லாரும் வரைவார்கள். விழுபவனை வரைய அவனைப்போல் ஆள் இல்லை. ஈட்டி ஏறியதும் முழங்கால் மடங்குவது, கேடயத்தின் கனம் கையை முதலில் கீழே இழுப்பது, தலைக்கவசம் சரிந்து நெற்றி தெரிவது. பட்டறையில் மற்ற ஓவியர்கள் தங்கள் ஜாடியை விட்டுக் கூப்பிடுவார்கள்:

“மெனிப்போஸ், வந்து எனக்கு ஒருத்தன சாகடிச்சுக் குடேன்.”

நொண்டிக்கொண்டே போவான். அவர்கள் ஜாடியில் ஒருவனைச் சாகடித்துவிட்டுத் திரும்பி வருவான். கொலைகாரன் என்றுதான் தெருவில் பெயர். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கோடைத் தொடக்கத்தில் திரோமோன் படையோடு வடக்கே திரேஸுக்குக் கப்பல் ஏறினான். அவன் போன சில நாளில் தாழி காயும்போது கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டது. முதலாளி ஹெகியாஸ் வந்து விரலால் சுண்டிப் பார்த்தார். செத்த ஓசை.

“போச்சு. சில்லு போட்டுடு.”

சூளைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. முதலில் காற்று விட்டு எரித்தால் எல்லாம் சிவக்கும். பிறகு பச்சை விறகு போட்டு வாயை மூடினால், புகையில் எல்லாம் கறுக்கும். மறுபடி காற்று விட்டால் மண் சிவப்புக்குத் திரும்பும், குழம்பு மட்டும் கறுப்பாகவே நின்றுவிடும். ஒவ்வொரு கட்டமும் பதம் வந்ததா என்று பார்க்க, ஓவியம் உள்ள மண் சில்லுகளை உள்ளே வைப்பார்கள். பார்வைத் துளை வழியாகக் கம்பிக் கொக்கியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்ததும் எறிவார்கள். கெட்டுப்போன தாழிக்கு அதுதான் கதி.

மெனிப்போஸ் கத்தியை எடுத்தான். தாழியில் எது எங்கே இருக்கிறதென்று யோசிக்கவில்லை. எங்கே குழம்பும் கோடும் சேர்ந்திருக்கிறதோ அங்கே வெட்டு விழ வேண்டும். அப்போதுதான் சில்லு உண்மை சொல்லும். மடங்கிய முழங்கால் ஒரு சில்லு. கேடயப் பட்டைக்குள் நுழைந்த கை ஒரு சில்லு. இடுப்பு, தொடை. முகத்தில்தான் கோடு நெருக்கம். பெரிய சரக்குக்கு உதவும் என்று அதைத் தனியாக வைத்தான். கொக்கி நுழைய ஒவ்வொரு சில்லிலும் ஒரு துளை வேண்டும். நாணல் குழாயை வைத்து அழுத்தித் திருகினால் துளை விழும். ஒவ்வொன்றாகப் போட்டான். கூடையைச் சூளைக்காரன் திபியோஸிடம் கொடுத்துவிட்டு, அடுத்த தாழிக்கு உட்கார்ந்தான்.

அத்திப்பழம் காயப்போடும் காலத்தில் செய்தி வந்தது. படை ஓர் ஆற்றங்கரையில் சிக்கிக்கொண்டது. பலர் தண்ணீருக்குள் போனார்கள். அதே அணியில் நின்ற நிகோன் திரும்பி வந்தான். லிசில்லாவின் வீட்டு வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணி, உடம்பு கிடைக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் துக்கத்துக்கு முடியை வெட்டிக்கொண்டாள். அழுதாளா என்று மெனிப்போஸுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து நிகோன் பட்டறைக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. காயவைத்திருந்த கோப்பை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் கிரேக்கர் ஈட்டியோடு பாய்கிறார்கள், ஒருவன் விழுகிறான்.

“எல்லாரும் அம்மணமா சண்டை போடறாங்களே,” என்றான். “அங்க குளிரு என்னன்னு தெரியுமாடா உனக்கு?”

“வழக்கம் அது. உடம்பு தெரியணும்ல.”

நிகோன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. மெனிப்போஸ் கோப்பையை மெதுவாக வாங்கி வைத்தான்.

“உன் ஆளுங்க எல்லாம் முகத்தோட சாகறாங்க, மெனிப்போஸ்.”

“என்ன சொல்றே?”

“ஒண்ணுமில்ல. நல்லாயிருக்கு. நல்லா வரையறே.”

போய்விட்டான். அன்றைக்கு மெனிப்போஸ் ஒருவனையும் சாகடிக்கவில்லை. மயிரைக் குழம்பில் தோய்ப்பான், எடுப்பான், காய்ந்துவிடும். மறுபடி தோய்ப்பான்.

குளிர்காலம் தொடங்கியதும் எலும்புகள் வந்தன. போர்க்களத்திலேயே எரித்து, குலம் குலமாகப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குலத்துக்கு ஒரு சைப்ரஸ் மரப் பெட்டி. ஊர்ப் பந்தலில் வைத்திருந்தார்கள். பெட்டிகளோடு ஒரு பாடையும் இருந்தது. விரித்த துணி, மேலே ஒன்றும் இல்லை. கிடைக்காதவர்களுக்கெல்லாம் சேர்த்து அது ஒன்று.

எலும்புகளை அடக்கம் செய்யும் ஊர்வலத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று காலையில் லிசில்லா பந்தலுக்குப் போய்விட்டு, நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். எண்ணெய்க் குப்பி கையில் அப்படியே இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

“எல்லாரும் அவங்கவங்க பெட்டிக்கு முன்னால எண்ண வெச்சாங்கண்ணா. நான் எங்க வெக்கறது? துணிக்கா எண்ண தடவறது?”

அவள் உட்கார அவன் ஒரு மனையை நகர்த்தினான்.

“கழுவணும். எண்ண தடவணும். என் வீட்டு முற்றத்துல, வாசப் பக்கம் காலை வெச்சு ஒரு நாளாவது அவரு படுக்கணும். அது நான் செய்ய வேண்டியது. ஊரு செய்யறது இல்ல.” குப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். “அந்தத் தாழி எங்க?”

“எந்தத் தாழி?”

“படுத்திருந்தாரே. திருட்டுக் கண்ணோட. அத எனக்குக் குடு. நாளைக்கு ஊர்வலம் கிளம்பறதுக்குள்ள. அவரு உருவம்னு இந்த உலகத்துல வேற எங்கயும் இல்ல.”

மெனிப்போஸுக்குக் காது அடைத்தது. பஞ்சு வைத்து அடைத்ததுபோல. அவள் உதடு அசைவது தெரிந்தது. தாழியை வெட்டிய நாளிலிருந்து இந்த நிமிடம்வரை ஒரு தடவைகூட அது அவன் நினைவுக்கு வரவில்லை. செய்தி வந்தபோது வரவில்லை. நிகோன் வந்தபோது வரவில்லை. இப்போது கத்தி மண்ணுக்குள் இறங்கும் ஓசை கேட்டது.

“பட்டறையில இருக்கு,” என்றது அவன் வாய்.

“கொண்டா. நான் தண்ணி எடுத்து வெக்கறேன்.”

பட்டறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை விழுந்தான். அவனுக்கு அந்தத் தெரு கால் பழகிய தெரு.

சூளை அன்று எரிந்துகொண்டிருந்தது. மழை விட்ட நாள்களில் ஹெகியாஸ் ஒரு பொழுதையும் வீணாக்குவதில்லை. மெனிப்போஸ் பின்பக்கம் போய், எறிந்த சில்லுகளின் குவியலுக்கு முன் மண்டியிட்டான். இரு கையாலும் வாரினான். ஆந்தைகள், குதிரைக் குளம்புகள், பெண்களின் பாதங்கள், யார் யாருடையவோ தாடிகள். கையில் இரத்தம் வந்தது. முழங்கால் கிடைத்தது, முதல் கட்டத்திலேயே எடுத்தது, வெளிறிய சிவப்பு. கை கிடைத்தது, புகையில் எடுத்தது, முழுக் கறுப்பு. இடுப்பு ஒழுங்காக வெந்திருந்தது. கறுப்பில் சிவப்பாக, அழகாக, விற்பனைக்கு வைக்கலாம்போல. ஒரே உடம்பு. ஒவ்வொரு துண்டும் ஒரு நிறம்.

“என்ன தேடறீங்க ஐயா?” திபியோஸ் விறகோடு நின்றான்.

“தல. தல எங்க?”

“எந்தத் தல?”

“கைப்பிடி விரிஞ்ச தாழி. படுத்துக்கிடப்பான். ஒரு கண்ணு திறந்திருக்கும்.”

“அதுவா?” திபியோஸ் விறகை இறக்கினான். “நல்ல சில்லாச்சே. பெரிய சரக்குக்குன்னு நீங்கதானே வெச்சீங்க? இன்னைக்குத்தான் உள்ள போட்டேன்.”

மெனிப்போஸ் சூளையைப் பார்த்தான். வாய் அடைத்திருந்தது. மேலே துளையிலிருந்து கனத்த கறும்புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

“எடு.”

“எடுக்கறதுதான். பதம் வரட்டும்.”

“இப்ப எடு.”

ஹெகியாஸ் வந்துவிட்டார். “யாருடா அங்க கத்தறது? உள்ள இருக்கறது கப்பல் சரக்கு. நேரங்கெட்ட நேரத்துல காத்து போச்சுன்னா அத்தனையும் பாழு.”

மெனிப்போஸ் விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போதே அது இன்னொருவனைப் பற்றிய கதைபோல இருந்தது. ஹெகியாஸின் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்தது. ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“ஹெரக்ளீஸ் தெய்வமே,” என்றார். பிறகு மெல்ல, “டேய், நான்தானேடா சில்லு போடச் சொன்னேன்.”

கொக்கிக்குக் கை நீட்டிய மெனிப்போஸை ஹெகியாஸ் தடுத்தார்.

“இங்க பாரு. விட்டுடு. மூணாவது கட்டமும் ஆகட்டும். சிவப்பா, முகம் தெளிவா வந்துடும்.”

“சூளை எப்ப ஆறும்?”

“நாளன்னிக்கு.”

“ஊர்வலம் நாளைக்கு.”

ஹெகியாஸ் புகையைப் பார்த்தார். “இப்ப எடுத்தா கறுப்பாத்தான் வரும். முகமே தெரியாது.”

“தெரியும்.”

பதம் வரும்வரை காத்திருந்தார்கள். புகை அடர்ந்து, பிறகு மெலிந்தது. திபியோஸ் பார்வைத் துளையின் அடைப்பை எடுத்தான். கொக்கியை உள்ளே விட்டுத் துழாவினான். ஒரு முறை எதிலோ பட்டு வழுக்கியது. மெனிப்போஸ் தன் கையைக் கடித்துக்கொண்டான். கொக்கி துளையில் மாட்டியது.

சில்லு வெளியே வந்தபோது தணல் நிறத்தில் இருந்தது. அந்த ஒளிக்குள் கோடுகள் மட்டும் கருத்து நின்றன. மூக்கு, உதடு, தாடி. திறந்த இடது கண். திரோமோன் நெருப்புக்குள்ளிருந்து அவனைப் பார்த்தான். கொக்கி அவன் கழுத்தில் மாட்டியிருந்தது.

ஒரு மூச்சு நேரம். திபியோஸ் அதை ஈர உமியில் அமுக்கினான். சீறியது. எடுத்தபோது கருஞ்சில்லு. திபியோஸ் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“நல்ல மினுக்கு. எசமான், பதம் வந்தாச்சு. காத்து விடலாம்.”

சொன்ன பிறகுதான் அவன் மெனிப்போஸைப் பார்த்தான். சில்லைக் கந்தலில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

லிசில்லாவின் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள், சாவு வீட்டுக்கு வைக்கிற மாதிரியே. கதவில் சைப்ரஸ் கிளை. முற்றத்தில் கட்டில், அதில் வெள்ளைத் துணி, துணியின் கீழ் திராட்சைக் கொடியும் ஆரிகனோ மணத்தழையும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தாழியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆள் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவன் தோளில் ஒரு கோணியோடு நின்றான்.

“தாழி எங்கண்ணா?”

கோணியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துப் பிரித்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியின் மேல் வைத்தான். எது எங்கே என்று அவன் கைக்குத் தெரியும். முழங்கால். தொடை. இடுப்பு. பட்டைக்குள் நுழைந்த கை. மார்பு கிடைக்கவில்லை. வலது கை கிடைக்கவில்லை. சுவரோரத்தில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள்.

லிசில்லா கத்துவாள் என்று நினைத்தான். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“யாரு இப்படிப் பண்ணினது?” என்று கடைசியில் கேட்டாள்.

“நான்.”

“எப்போ?”

“அவன் உயிரோட இருந்தப்போ.”

அவள் தலையை ஆட்டினாள், புரிந்ததுபோலவும் புரியாததுபோலவும். பிறகு குந்தி உட்கார்ந்து, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முழங்காலைத் துடைக்க ஆரம்பித்தாள். சூளைச் சாம்பல் கரைந்து வந்தது. துடைத்தாள், எண்ணெய் தடவினாள், இருந்த இடத்தில் வைத்தாள். துண்டுகளை நெருக்கிப் பார்த்தாள். விளிம்பு விளிம்போடு சேரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நெருப்பில் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“சேராது,” என்றான்.

“தெரியுது.”

கந்தலைப் பிரித்துக் கடைசிச் சில்லைக் கொடுத்தான். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வாங்கினாள். குளிர்கால மாலை, முற்றத்தில் வெளிச்சம் போதவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

“இதுல ஒண்ணுமே இல்லியே. கரி.”

“விரல வெச்சுப் பாரு. கோடு புடைச்சிருக்கும். அடுத்த சூளையில இன்னொரு தடவ வெச்சா சிவப்பாயிடும் லிசில்லா, முகம் வந்துடும். நான் வேணும்னா—”

“இன்னொரு தடவ நெருப்புல வெக்கணுமா?”

அவன் கந்தலை மடித்துக் கோணிக்குள் வைத்தான்.

அவள் சுட்டுவிரலைச் சில்லின் மேல் வைத்தாள். மெதுவாக நகர்த்தினாள். தாடியின் விளிம்பில் போனது விரல். உதட்டில் நின்றது. மூக்கில் ஏறியது. கண்ணுக்கு வந்ததும் அவள் முகம் மாறியது. மேல் கோடு, கீழ்க் கோடு, நடுவில் ஒரு புள்ளி. கட்டைவிரலால் மேலிருந்து கீழாக, செத்தவர் கண்ணை மூடும் விதமாகத் தடவினாள். இன்னொரு முறை தடவினாள். கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

“மூட மாட்டேங்குதுண்ணா.”

அவளே விரலை எடுத்துக் கீழே கொண்டுபோனாள். கழுத்தில் விரல் நுனி உள்ளே இறங்கியது. வெடுக்கென்று எடுத்தாள்.

“இங்கதான் குத்தினாங்களா?”

பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. திரேஸில் அந்த ஆற்றுக்கும் தெரியாது.

“இல்ல. அது நான் போட்டது. கொக்கிக்கு.”

தெருவில் யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள்.

“அடைச்சுக் குடு,” என்றாள் லிசில்லா. “இப்படியே நான் அவரைப் படுக்க வெக்க மாட்டேன்.”

அவன் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் குயவனிடம் ஒரு பிடி களிமண் வாங்கி வந்தான். விரலிடுக்கில் உருட்டினான். துளையில் வைத்து அழுத்தி, ஓரத்தைத் தடவி, நனைத்த கட்டைவிரலால் மட்டமாக்கினான். அவன் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அவள் தடவிப் பார்த்தாள். துளை இல்லை. எண்ணெய்க் குப்பியைத் திறந்தாள்.

சுட்ட சில்லில் பச்சை மண் நிற்காது. காயக் காயச் சுருங்கி, விடிவதற்குள் தானாக உதிர்ந்துவிடும். குயவர் தெருவில் தவழும் குழந்தைக்கும் அது தெரியும். அவளும் அந்தத் தெருவில் பிறந்தவள்தான். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மெனிப்போஸ் மிச்சக் களிமண்ணை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.